ஆட்டோகேட்: 46 லேஅவுட்டையும் தனித்தனி பிடிஎஃப்-ஆக ஒரே தடவையில் எடுப்பது எப்படி?

கோடும்_கோணமும்

வணக்கம். ஆட்டோகேட் 2022. மூன்று டிராயிங்கில் மொத்தம் 46 லேஅவுட் (அச்சுக்கான தாள் டேப்). பெரும்பாலும் ஏ1, டீடெய்ல் ஷீட்கள் மட்டும் ஏ3. ஒவ்வொரு ஷீட்டும் தனி பிடிஎஃப்-ஆக வேண்டும் என்று கிளையன்ட் கேட்கிறார். எக்ஸ்போர்ட்டில் போய் பிடிஎஃப், ஆல் லேஅவுட்ஸ் என்று கொடுத்தால் எல்லாம் ஒரே ஃபைலாகச் சேர்ந்து வருகிறது. பப்ளிஷிலும் அதே கதைதான். ஒவ்வொரு டேபாகப் போய் ப்ளாட் போடுவது தவிர வேறு வழி உண்டா? லிஸ்ப் (ஆட்டோகேடுக்குள் எழுதும் நிரல் மொழி) தெரியாது. முடிந்தவரை அது இல்லாமல் சொல்லுங்கள்.

ப்ளாட்ராசா

எக்ஸ்போர்ட்டை விட்டுவிடுங்கள். ஆல் லேஅவுட்ஸ் கொடுத்தால் அது ஒரே ஃபைலாகத்தான் தரும். உங்களுக்கு வேண்டியது பப்ளிஷ்தான், அதில் ஒரே ஒரு அமைப்பு மாற வேண்டும்.

முதலில் மூன்று டிராயிங்கையும் சேவ் செய்துவிடுங்கள். பின்னணியில் ஓடும் பப்ளிஷ், வட்டில் கடைசியாக சேவ் ஆன டிராயிங்கைத்தான் படிக்கும். திரையில் இருக்கும் சேவ் ஆகாத மாற்றம் பிடிஎஃப்-இல் வராது. பிறகு பப்ளிஷ் கமாண்ட். ஷீட் பட்டியலில் மாடல் (தாள் அல்ல, வரையும் இடம்) வரிகள் இருந்தால் நீக்கிவிடுங்கள். பட்டியலில் ரைட் கிளிக் செய்தால், ஷீட் சேர்க்கும்போது மாடலையும் சேர்க்கவா என்ற தேர்வு இருக்கும். அதை எடுத்துவிட்டால் அடுத்த முறை மாடல் வராது. பப்ளிஷ் டு என்ற இடத்தில் பிடிஎஃப். அடுத்து பப்ளிஷ் ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தி, மல்டி-ஷீட் என்று இருப்பதை சிங்கிள்-ஷீட்டுக்கு மாற்றுங்கள். அதே ஜன்னலில் லொகேஷனில் ஃபோல்டரைக் காட்டுங்கள். ஒவ்வொரு ரிவிஷனுக்கும் காலி ஃபோல்டர் வைத்துக்கொண்டால் பழைய ஃபைல் எது, புதியது எது என்ற குழப்பமே வராது.

பப்ளிஷ் அழுத்தியதும் ஒரு பிடிஎஃப்-இன் பெயரைக் கேட்டால் இன்னும் மல்டி-ஷீட்டில்தான் நிற்கிறது என்று அர்த்தம். கேன்சல் செய்து மறுபடி பாருங்கள்.

இன்னொன்று: வேலை முடிந்ததும் வியூவரில் திற என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பிடிஎஃப்-கள் வரிசையாகத் திறந்துகொண்டே போய் மெஷின் திணறும்.

கோடும்_கோணமும்

நன்றி, தனித்தனியாக வந்துவிட்டது. ஆனால் மூன்று விஷயம் இடிக்கிறது. ஃபைல் பெயர் டவர்பி-ஏ-101 என்று டிராயிங் பெயரோடு சேர்ந்து வருகிறது; கிளையன்டுக்கு ஏ-101 மட்டும் போதும். ஏ3 ஷீட்களில் பார்டரின் வலது ஓரம் வெட்டுப்படுகிறது. நான்கு ஷீட்டில் லேஅவுட் நாட் இனிஷியலைஸ்டு என்று காட்டி பிடிஎஃப் வரவே இல்லை.

தாள்_அளவு

இரண்டாவதும் மூன்றாவதும் பேஜ் செட்டப் (லேஅவுட்டின் ப்ளாட்டர், தாள், ஸ்கேல் அமைப்பு) சிக்கல். பப்ளிஷைக் குறை சொல்லிப் பயனில்லை. அது லேஅவுட்டில் இருக்கும் பேஜ் செட்டப்பை அப்படியே எடுத்துப் போடுகிறது, அவ்வளவுதான்.

நாட் இனிஷியலைஸ்டு என்று வருவது, உருவாக்கிய பிறகு யாரும் திறந்து பேஜ் செட்டப் கொடுக்காத லேஅவுட். அந்த டேபை ஒருமுறை திறந்து, ப்ளாட்டரும் தாளும் கொடுத்து சேவ் செய்தால் சரியாகிவிடும்.

ஓரம் வெட்டுப்படுவதற்குப் பொதுவாக மூன்று காரணம். முதலாவது, பேஜ் செட்டப்பில் ஆபீஸ் பிரிண்டரின் பெயர் இருப்பது. பிரிண்டரின் ஏ3 தாள் பெயர் பிடிஎஃப் டிரைவரில் இல்லையென்றால் தாள் மாறிப்போகும். அதனால் எல்லா லேஅவுட்டிலும் ப்ளாட்டராக டிடபிள்யூஜி டு பிடிஎஃப் பிசி3-ஐயே (பிடிஎஃப் எழுதும் ப்ளாட்டர் அமைப்பு ஃபைல்) வையுங்கள். இரண்டாவது, தாளின் வகை. பட்டியலில் ஐஎஸ்ஓ ஏ3, ஐஎஸ்ஓ எக்ஸ்பாண்ட் ஏ3, ஐஎஸ்ஓ ஃபுல் ப்ளீட் ஏ3 என்று மூன்று இருக்கும். வெறும் ஐஎஸ்ஓ ஏ3-க்கு நாலு பக்கமும் மார்ஜின் உண்டு. லேஅவுட்டில் தெரியும் புள்ளிக்கோடு அதுதான். பார்டர் அந்தக் கோட்டுக்கு வெளியே போனால் வெட்டுப்படும். ஃபுல் ப்ளீட் எடுங்கள். அதிலும் 420 x 297, 297 x 420 என்று இரண்டு இருக்கும். முதல் எண்தான் அகலம், கிடைமட்ட ஷீட்டுக்கு 420 x 297. ஏ1-க்கு 841 x 594. மூன்றாவது, ப்ளாட் ஏரியா விண்டோ என்று இருப்பது. யாரோ என்றைக்கோ பிடித்த விண்டோ அப்படியே கிடக்கும், பார்டர் பிளாக்கை நகர்த்தினால் கூடவே வராது. லேஅவுட் என்று வைத்து ஸ்கேல் 1:1 கொடுங்கள். ஃபிட் டு பேப்பர் மட்டும் வேண்டவே வேண்டாம். 1:100 என்று டைட்டில் பிளாக்கில் (ஷீட்டின் விவரப் பெட்டி) எழுதியிருக்கும், தாளில் 1:103 வந்து நிற்கும், சைட்டில் ஸ்கேல் வைத்து அளப்பவர் உங்களைத்தான் கேட்பார்.

46 லேஅவுட்டையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை. ஒரு டிராயிங்கில் ஏ1-ஃபுல், ஏ3-ஃபுல் என்று பெயரிட்ட இரண்டு பேஜ் செட்டப் உருவாக்கி சேவ் செய்யுங்கள். பப்ளிஷ் பட்டியலில் ஷிஃப்ட் பிடித்து ஏ1 வரிகளை எல்லாம் தேர்ந்தெடுத்து, பேஜ் செட்டப் பத்தியில் ஏ1-ஃபுல் கொடுங்கள், ஏ3-க்கும் அப்படியே. மற்ற டிராயிங்குகளுக்கு அதே பத்தியில் உள்ள இம்போர்ட் மூலம் கொண்டுவரலாம். ஒன்று நினைவில் இருக்கட்டும்: இப்படிக் கொடுப்பது அந்தப் பப்ளிஷுக்கு மட்டும்தான். லேஅவுட்டுக்குள் இருக்கும் பழைய பேஜ் செட்டப் மாறாது. பிறகு யாராவது நேராக ப்ளாட் போட்டால் பழையபடி வெட்டுப்பட்டே வரும்.

கூடவே கோடுகளின் அச்சு நிறத்தையும் தடிப்பையும் தீர்மானிக்கும் சிடிபி ஃபைலையும் பாருங்கள். பேஜ் செட்டப்பில் சொன்ன சிடிபி உங்கள் மெஷினில் இல்லையென்றால் எல்லாக் கோடும் கலரில், ஒரே தடிப்பில் வரும். ஸ்டைல்ஸ்மேனேஜர் என்று அடித்தால் ஃபோல்டர் திறக்கும், அதில் போட்டால் போதும்.

ப்ளாட்ராசா

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். சிங்கிள்-ஷீட்டில் பிடிஎஃப்-இன் பெயர் என்பது பட்டியலில் உள்ள ஷீட் பெயர். டிராயிங் பெயர், ஒரு கோடு, லேஅவுட் பெயர் என்று ஆட்டோகேட் தானே கோர்க்கிறது. பத்துப் பதினைந்து ஷீட் என்றால் பட்டியலிலேயே எஃப்2 அடித்து மாற்றிவிடலாம். 46-க்கு அது பொறுமையைச் சோதிக்கும்.

அதற்குப் பதில், லேஅவுட் டேபின் பெயர்களை ஷீட் நம்பராகவே வைத்துக்கொண்டு பட்டியலை சேவ் ஷீட் லிஸ்ட் மூலம் டிஎஸ்டி (.dsd) ஃபைலாக சேமியுங்கள். அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், நோட்பேடில் திறக்கும். ஒவ்வொரு ஷீட்டும் சதுர அடைப்புக்குறிக்குள் டிடபிள்யூஎஃப்6ஷீட் என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, அதன் பிறகு ஷீட் பெயர் என்று தொடங்கும். அந்தச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் டவர்பி-யையும் அதன் பின்னுள்ள சிறு கோட்டையும் சேர்த்தே தேடி, டவர்பி இல்லாத வடிவத்தால் மாற்றுங்கள். டவர்பி-யை மட்டும் தனியாகத் தேடி ரிப்ளேஸ் ஆல் கொடுத்தால், கீழே உள்ள டிராயிங் பாதையிலும் பெயர் அடிபட்டு ஃபைலே கிடைக்கவில்லை என்று நிற்கும். மூன்று டிராயிங்குக்கு மூன்று முறை செய்ய வேண்டும். பிறகு பப்ளிஷில் லோட் ஷீட் லிஸ்ட்.

இந்த டிஎஸ்டி-தான் உங்கள் உண்மையான லாபம். அடுத்த ரிவிஷனில் அதை லோட் செய்து, ஃபோல்டரை மட்டும் மாற்றி, பப்ளிஷ் அழுத்தினால் முடிந்தது. ஆனால் உள்ளே டிராயிங்கின் முழுப் பாதை இருக்கிறது. ப்ராஜெக்ட் ஃபோல்டரை இடம் மாற்றினால் டிஎஸ்டி-யையும் திருத்த வேண்டும். ஷீட் பெயர் பட்டியலில் இரண்டு முறை வரக் கூடாது. இரண்டு டிராயிங்கிலும் ஏ-101 இருந்தால் முன்னொட்டை எடுத்ததும் இரண்டும் மோதும்.

சம்பந்தமில்லாத டிராயிங்கின் ஷீட்களும் பட்டியலில் வந்து விழுந்தால், பப்ளிஷ்ஆல்ஷீட்ஸ் என்ற வேரியபிளை (பெயரை கமாண்ட் வரியில் அடித்து மாற்றும் அமைப்பு) 0 ஆக்குங்கள். 1 என்றால் திறந்திருக்கும் எல்லா டிராயிங்கையும் இழுக்கும். உங்கள் மூன்று டிராயிங்கையும் சேர்க்கும்போது மட்டும் 1 உதவும்.

எல்டி_பயனர்

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் எல்டி 2021 (ஆட்டோகேடின் எளிய பதிப்பு). ஃபைல் பெயரை டைட்டில் பிளாக்கில் உள்ள டிராயிங் நம்பரிலிருந்தே எடுக்க முடியுமா?

தாள்_அளவு

டைட்டில் பிளாக்கில் உள்ள அட்ரிபியூட்டை (டிராயிங் நம்பர் போன்றவற்றை நிரப்பும் இடம்) படிக்க லிஸ்ப் வேண்டும். எல்டி-யில் லிஸ்ப் 2024-இல்தான் வந்தது. உங்களுக்கு மேலே சொன்ன பப்ளிஷ், டிஎஸ்டி வழி அப்படியே வேலை செய்யும். அது போதவில்லையென்றால் ஸ்கிரிப்ட் ஃபைல், அதாவது கமாண்டுகளை வரிசையாக எழுதிய டெக்ஸ்ட் ஃபைல்.

ஸ்கிரிப்டிலும் சரி, லிஸ்ப்பிலும் சரி, அடிப்படை ஒன்றுதான்: முன்னால் கழித்தல் குறி போட்ட ப்ளாட் கமாண்ட். அது கேட்கும் வரிசை இது. டீடெய்ல்டு கான்ஃபிகரேஷன் வேண்டுமா: என். லேஅவுட் பெயர். பேஜ் செட்டப் பெயர். டிவைஸ் பெயர்: பிசி3 என்ற ஒட்டோடு எழுத்துப் பிசகாமல். ஃபைல் பெயர்: முழுப் பாதையோடு. பேஜ் செட்டப்பில் மாற்றத்தைச் சேமிக்கவா: என். தொடரவா: ஒய். இந்த ஏழு பதிலையும் லேஅவுட் தோறும் எழுதினால் ஸ்கிரிப்ட் தயார். எக்செலில் ஒரு பத்தியில் லேஅவுட் பெயர், இன்னொன்றில் டிராயிங் நம்பர் வைத்து வரிகளைக் கோர்த்து நோட்பேடில் ஒட்டுவதுதான் சுருக்கமான வழி. ஸ்கிரிப்டில் இடைவெளியும் என்டர்தான். லேஅவுட் பெயரில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதற்கு முன் பேக்கிரவுண்ட்ப்ளாட்டை 0 ஆக்குங்கள். ப்ளாட் பின்னணிக்குப் போகும்படி இருந்தால், முந்தைய ஷீட் முடியும் முன்பே அடுத்ததற்குப் போய் வேலை பாதியில் நின்றுவிடும். பிசி3-இன் பிடிஎஃப் ஆப்ஷன்ஸில் வியூவரில் காட்டு என்பதையும் அணையுங்கள். இது பப்ளிஷ் ஜன்னலில் உள்ள டிக் அல்ல, வேறு. பழைய பிடிஎஃப் அக்ரோபேட்டில் திறந்திருந்தால் அதே பெயரில் எழுத முடியாமல் அந்த ஷீட் மட்டும் தோற்றுப்போகும்.

முழு ஆட்டோகேட் வைத்திருப்பவர்கள் லிஸ்ப்பில் லேஅவுட்லிஸ்ட் என்ற ஃபங்ஷனைச் சுழற்றினால் போதும். மாடல் அதில் வராது. வரிசை டேப் வரிசையாக இருக்காது, தனித்தனி ஃபைலுக்கு அது ஒரு பொருட்டும் இல்லை. லேஅவுட் பெயரோ ஃபோல்டர் பெயரோ தமிழில் இருந்தால் 2021-க்கு முந்தைய பதிப்புகளில் லிஸ்ப் தடுமாறும். 2021 முதல் லிஸ்ப்சிஸ் 1 என்று இருந்தால் யூனிகோட் சரியாக வரும்.

கோடும்_கோணமும்

பேஜ் செட்டப் மாற்றியதும் ஓரம் சரியாகிவிட்டது, டிஎஸ்டி-யும் வேலை செய்கிறது. கடைசியாக ஒன்று: இரண்டு ஷீட் மட்டும் 30 எம்பி-க்கு மேல் போகிறது, மற்றதெல்லாம் 1 எம்பி கூட இல்லை. அக்ரோபேட்டில் திறந்தால் எழுத்துகளின் மேல் கமென்ட் பெட்டிகளும் தெரிகின்றன.

ப்ளாட்ராசா

பெரிய ஃபைல்: அந்த இரண்டு ஷீட்டின் பேஜ் செட்டப்பில் ப்ளாட் டிரான்ஸ்பரன்சி டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் கோடுகள் கோடாகப் போகாமல் ஷீட்டே படமாக மாறிவிடும். ஒளிபுகும் ஹேட்ச் உண்மையிலேயே தேவையில்லையென்றால் எடுத்துவிடுங்கள். தேவை என்றால் பிடிஎஃப் ப்ரீசெட்டை ஸ்மாலர் ஃபைல் ஆக்கிப் பாருங்கள், ஆனால் மெல்லிய கோடுகள் கொஞ்சம் மங்கும். அங்கே சிக்கல் இல்லையென்றால் ஷீட்டில் செருகிய சாட்டிலைட் படம், ஸ்கேன் ஏதாவது இருக்கும்.

கமென்ட் பெட்டிகள் எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துருவால் வருபவை. அந்த எழுத்துகள் பிடிஎஃப்-இல் கோடுகளாகப் போவதால், தேட வசதியாக ஆட்டோகேட் அவற்றைக் கமென்டாகவும் சேர்க்கிறது. பிடிஎஃப்எஸ்ஹெச்எக்ஸ் வேரியபிளை 0 ஆக்கினால் பெட்டிகள் போய்விடும். அதோடு எழுத்தைத் தேடும் வசதியும் போகும். கிளையன்ட் பிடிஎஃப்-இல் தேடுபவர் என்றால் டெக்ஸ்ட் ஸ்டைலை ஏரியல் போன்ற ட்ரூடைப்புக்கு மாற்றுங்கள். எழுத்தின் அகலம் மாறும் என்பதால் டைமென்ஷன்களையும் டைட்டில் பிளாக்கையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு பப்ளிஷ் கொடுங்கள்.