திரள்வழி: 'ஃபர்ஸ்ட் மைல்' என்பதற்கு ஒரு மாற்றுப் பரிந்துரை

அன்பின் ஐயாவுக்கும் குழுமத்தினர் அனைவருக்கும் வணக்கம். சரக்குப் பயணத்தின் முதற்கட்டமான 'ஃபர்ஸ்ட் மைல்', அது பெறுநரை எட்டும் இறுதிக்கட்டமான 'லாஸ்ட் மைல்' ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்களாக ஐயா நம் குழுமத்தில் எழுதியது இது:

> சரக்குப் போக்குவரத்தில் 'ஃபர்ஸ்ட் மைல்' என்பதற்குத் 'தலைமடை' என்றும், 'லாஸ்ட் மைல்' என்பதற்குக் 'கடைமடை' என்றும் கொள்ளலாம். வயலும் வாய்க்காலும் அறிந்தவருக்கு விளக்கமே வேண்டியதில்லை.

கடைமடையை நான் மனமார ஏற்கிறேன். பெரிய களஞ்சியம் ஒன்றிலிருந்து பிரிந்து பிரிந்து வீட்டு வாசல்வரை செல்லும் பொதிக்கும், குளத்திலிருந்து கிளைவாய்க்கால்களில் பிரிந்து இறுதி வயலை எட்டும் நீருக்கும் போக்கு ஒன்றே. சுணக்கமும் இரண்டிலும் கடைசியில் இருப்பவருக்கே. ஆனால், அதே உவமையைத் திருப்பி முதற்கட்டத்துக்குப் பொருத்த முடியாது. தலைமடை என்பது ஒன்று பலவாகப் பிரியத் தொடங்கும் இடம். துறையினர் ஃபர்ஸ்ட் மைல் என்று குறிப்பதோ, சிதறிக் கிடக்கும் பல சிறு சரக்குகள் ஒன்றாகும் கட்டம். திசையே மாறிவிடுகிறது. (மைல் என்ற அளவையும் நாம் கைவிட்டு நெடுங்காலமாகிறது, அதைப் பெயரில் சுமப்பதற்கும் காரணமில்லை.)

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இருந்து பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். மலைகளில் பறித்த கொழுந்து, நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்கு வந்து, நிறுக்கப்பட்டு, லொறியில் இஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய 4.5 கிலோ பச்சைக் கொழுந்து தேவைப்படுவதால், இந்தக் கட்டத்தில் நாம் ஏற்றி இறக்கும் பாரத்தின் பெரும்பகுதி வெறும் நீர்தான். அந்த நீர் இஸ்டோரில்தான் போகிறது. அதுவரை கொழுந்து அமுங்கக் கூடாது, சூடேறக் கூடாது. ஏறினால் இலை சிவந்து, தூளின் தரம் அன்றே விழுந்துவிடும். கடதாசிப் பைகளில் அடைத்த தூளோ கொழும்புக் களஞ்சியத்துக்குச் சென்று, 1883 முதல் நடந்துவரும் ஏலத்தில் விலைபோய், கலவை செய்யப்பட்டு, கொள்கலனில் ஏறிக் கடல் கடக்கும்வரை வாரக்கணக்கில் பொறுத்திருக்கும். தூரம் மிகக் குறைந்த கட்டத்திலேயே அவசரமும் பாரமும் மிகுந்திருக்கின்றன. தோட்டப் பாதைகளின் வளைவுகளில் 40 அடிக் கொள்கலன் வண்டி திரும்ப முடியாது என்பதால், கப்பல் துறையின் நவீன வசதிகள் எவையும் அங்கு எட்டுவதில்லை.

தனிச்சொல் தேவை என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சுயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்றபோதும், 2023 நவம்பரில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கிய பின்னர் ஐரோப்பா செல்லும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோதும், நம் பத்திரிகைகள் 'விநியோகச் சங்கிலி பாதிப்பு' என்று எழுதின. 2022இல் டீசல் கிடைக்காமல் கொழுந்து லொறிகள் தடுமாறியபோதும் அதே சொற்றொடர்தான். முன்னவற்றுக்கு மாற்றுக் கடல்வழியும் முன்கூட்டிய பதிவும் கூடுதல் இருப்பும் தீர்வாகலாம். பின்னதற்கு இவற்றால் பயனில்லை. டீசல் தீர்ந்தாலோ மண்சரிவில் ஒரு பாதை மூடினாலோ, மறுபாதை உண்டா, சிறிய வண்டி உண்டா, அருகில் வேறு இஸ்டோர் உண்டா என்பவைதான் கேள்விகள். ஒரே பெயரால் இரண்டையும் அழைக்கும்போது, கடலில் நடப்பது செய்தியாகிறது; மடுவத்துக்கும் இஸ்டோருக்கும் இடையில் நடப்பது தோட்டத்தின் வீட்டுக் கணக்காகிவிடுகிறது.

ரயில் பாதையின் வரலாறும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை கண்டியை 1867இலும், நானுஓயாவை 1885இலும், பதுளையை 1924இலும் எட்டியது என்பது பலருக்கும் தெரியும். அந்த நிலையங்கள்வரை சரக்கைக் கொண்டு சேர்த்த தலைச்சுமைக்கும் மாட்டுவண்டிக்கும் அப்படி ஆண்டுகள் குறிக்கப்படவில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைவரை ஓடிய சிறிய ரயில்கூட இந்தக் கட்டத்துக்காகவே போடப்பட்டது என்பேன்; இன்று அதன் தண்டவாளமும் இல்லை.

ஆகவே என் பரிந்துரை 'திரள்வழி'. சரக்கு திரண்ட, திரள்கின்ற, திரளும் வழி என்று வினைத்தொகையாக விரியும். திரள்வழிச் செலவு, திரள்வழித் தாமதம், திரள்வழி வண்டி என்று ஒட்டுகளையும் தடையின்றி ஏற்கும். 'திரட்டல்' என்றே வைக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். பல வணிகரின் சிறு பொதிகளை ஒரே கொள்கலனில் சேர்ப்பதற்கு அச்சொல் தேவைப்படும். அதை இங்கே செலவிட வேண்டாம். நடுவில் உள்ள நீண்ட ஓட்டத்துக்கு 'நெடுவழி' போதும்.

ஹட்டனிலிருந்து, அன்புடன்.

---

அன்பின் ஐயா,

திரள்வழி நன்றாக இருக்கிறது. ஆனால், வெலிமடைப் பக்கத்து மரக்கறிக்கு இது எங்கே முடிகிறது என்று எனக்குத் தெளிவாகவில்லை. தோட்டக்காரர் கரட்டையும் லீக்ஸையும் உரப்பையில் கட்டித் தெருவோரம் வைக்கிறார். லொறி நாலைந்து இடங்களில் ஏற்றிக்கொண்டு கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தைக்குப் போகிறது. சில லொறிகள் அங்கு நிற்காமல் நேரே தம்புள்ளைச் சந்தைக்குப் போகின்றன. அப்படியானால் தம்புள்ளைவரை திரள்வழியா? தம்புள்ளையில் வாங்கிய மரக்கறி மீண்டும் மலையேறி நம் கடைகளுக்கே வருவதும் உண்டு. அது எந்த வழி?

---

அன்பின் சகோதரிக்கு,

தூரத்தைக் கொண்டு எல்லை வகுத்தால் நீங்கள் காட்டிய சிக்கல் தீராது. கடைசி உரப்பை ஏறி, லொறி வேறெங்கும் ஏற்றுவதற்காக நிற்கத் தேவையில்லாத இடத்தில் திரள்வழி முடிந்தது என்று கொள்வோம். அதன்பின் தம்புள்ளைவரை நெடுவழி. அங்கிருந்து மீண்டும் மலையேறி நகரங்களை எட்டுவதும் நெடுவழியே. கடைகளுக்குப் பிரிந்து செல்லும்போதுதான் அது கடைமடை. ஒரே லொறி ஒரே நாளில் மூன்றாகவும் இருக்கலாம். சொல் வண்டிக்கு உரியதன்று, கட்டத்துக்கு உரியது. ஓர் ஐயம் மட்டும் மீதி: உரப்பைக்குப் பதிலாக பிளாஸ்டிக் கூடைகளைப் பயன்படுத்தும் இடங்களில், வெறுங்கூடை திரும்பி வரும் ஓட்டத்துக்கும் செலவு உண்டு. அதற்கு 'மீள்வழி' என்று எழுதிவைக்கிறேன். தலைமடையைப் பரிந்துரைத்த ஐயா உடன்பட்டால் நம் கலைச்சொற் பட்டியலில் நான்கையும் பின்வருமாறு சேர்க்கலாம்.

திரள்வழி: விளைவிடங்களிலிருந்து சரக்கு சேர்ந்து முதல் முழு ஏற்றமாகும்வரை உள்ள போக்குவரத்து.
நெடுவழி: முழு ஏற்றம் பிரியாமல் செல்லும் ஓட்டம்.
கடைமடை: ஏற்றம் பிரிந்து பெறுநரை எட்டும் கட்டம்.
மீள்வழி: வெறுங்கலங்களும் திருப்பிய சரக்கும் வரும் ஓட்டம்.