வெர்னாட்ஸாவில் கல் அடுக்கிய பெரியவர்: சிங்க்வே தெர்ரே போனவர்கள் நீங்களும் எழுதுங்கள்

ஷ்டுட்கார்ட்டிலிருந்து

இத்தாலியின் சிங்க்வே தெர்ரே படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். பாறை மேல் மஞ்சளும் செம்மண் நிறமுமாக நெருக்கியடித்த வீடுகள், கீழே சின்னத் துறை, நாலைந்து படகுகள். மொன்டெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று ஐந்து ஊர்கள். நானும் என் கணவரும் 2023 செப்டம்பரில் வெர்னாட்ஸாவில் மூன்று இரவு தங்கினோம். ஊரைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. ஆனால் எனக்கு அங்கே சந்தித்த ஒரு பெரியவரைப் பற்றித்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது. உங்களுக்கும் இப்படி யாராவது மனதில் நின்றிருந்தால் கீழே எழுதுங்கள்.

லா ஸ்பெட்ஸியாவில் ரயில் மாறினோம். அங்கிருந்து பாதி வழி சுரங்கம்தான். இருட்டு, திடீரென்று இரண்டு நொடி கடல், மறுபடி இருட்டு. வெர்னாட்ஸாவில் எங்கள் பெட்டியின் கதவு சுரங்கத்துக்குள்ளேயே திறந்தது. மலைக்கும் மலைக்கும் நடுவே அவ்வளவு குறுகிய இடம், அதனால் பிளாட்பாரத்தில் ஒரு பகுதி சுரங்கத்துக்குள் போய்விடுகிறது. வெளிச்சம் தெரிந்த பக்கம் நடந்தோம். படி இறங்கினால் ஒரே ஒரு பெரிய தெரு, நேராகத் துறைக்குச் சரிகிறது. தெருவின் முடிவில் சதுக்கம், சதுக்கத்தின் ஓரத்திலேயே கடல். கடலை ஒட்டி சாந்தா மார்கெரீத்தா தேவாலயம், எண்கோண மணிக்கூண்டோடு நிற்கிறது. அதைப் பற்றிய பதிவு 1318ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. சதுக்கத்தின் பக்கமிருந்து நுழைந்தால் பீடத்தின் பக்கமாகப் போய்ச் சேர்கிறோம். வாசல் வழியாக வந்து பீடத்தைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு ஒரு நிமிடம் திசையே புரியவில்லை.

இரண்டாம் நாள் காலை மொன்டெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்ஸாவுக்கு மலைப்பாதையில் நடந்தோம். மூன்றரை கிலோமீட்டர்தான். ஆனால் படிகள் அதிகம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழி நெடுக மலையைப் படிப்படியாக வெட்டித் திராட்சையும் ஆலிவும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கல் சுவர். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, வெறும் கல் மேல் கல். அறுவடை நேரம் என்பதால் தூரத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு குட்டி வண்டி திராட்சைக் கூடைகளோடு மலையில் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. பெட்ரோல் எஞ்சின், பல்சக்கரம். முன்பெல்லாம் தலையிலும் தோளிலும் சுமந்த சுமை அது.

வெர்னாட்ஸா கண்ணில் பட ஆரம்பிக்கும் இடத்தில் சுவர் ஒன்று சரிந்து கிடந்தது. எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒருவர் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒதுங்கி நின்று வழி கேட்டோம். எங்கள் இத்தாலிய மொழி நாலு வார்த்தை, அவருடைய ஆங்கிலமும் அதே அளவு. ஆனால் கொஞ்ச காலம் ஜெர்மனியில் வேலை பார்த்திருக்கிறார். அதனால் பேச்சு நடந்தது.

நான் சுவரைக் காட்டி, "சிமெண்ட் வைத்தால் திரும்ப விழாதே?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். மழை பெய்தால் மண் தண்ணீரைக் குடித்து ஊதும். கல் இடுக்கு இருந்தால் தண்ணீர் கசிந்து வெளியே போய்விடும். சிமெண்ட் பூசினால் தண்ணீர் உள்ளேயே நின்று, ஒரு நாள் சுவரோடு மலையையும் தள்ளிக்கொண்டு வரும். இதைக் கையால் நடித்தே காட்டினார். முகப்பில் பெரிய கல், அதன் முதுகில் சல்லிக்கல், அதற்குப் பின்னால்தான் மண். சுவர் நேராக நிற்கக் கூடாது, மலை மேல் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். என் கணவரிடம் ஒரு கல்லைக் கொடுத்து வைக்கச் சொன்னார். வைத்ததும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், ஆடியது. எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். நாலாவது முறை ஆடவில்லை. அப்போதுதான் தலையாட்டினார்.

அப்புறம் கீழே ஊரைக் காட்டி 2011 என்றார்.

அந்த ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி பிற்பகல். சில மணி நேரத்தில் அந்த வட்டாரத்தின் சில இடங்களில் 500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. மலையிலிருந்து சேறும் கல்லும் மரமும் ஓடை வழியாக இறங்கின. வெர்னாட்ஸாவின் பெரிய தெருவுக்கு அடியில்தான் ஓடை போகிறது, அதை மூடித்தான் தெருவே போட்டிருக்கிறார்கள். அன்று அந்தத் தெருவே ஓடையானது. நாலு மீட்டர் உயரத்துக்குச் சேறு. கடைகள் எல்லாம் சேற்றுக்குள்ளே. வெர்னாட்ஸாவில் மூன்று பேர் இறந்தார்கள். சாலையும் ரயிலும் அறுந்துபோனதால் மக்களைக் கடல் வழியாகத்தான் வெளியேற்றினார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது.

மழை மட்டும் காரணமில்லை என்பது பெரியவரின் கட்சி. லா ஸ்பெட்ஸியாவில் கடற்படைத் தளத்திலும் ரயிலிலும் வேலை கிடைத்தபின் இளைஞர்கள் தோட்டத்தைக் கைவிட்டார்கள். பிறகு சுற்றுலா வந்தது. திராட்சையைவிட அறை வாடகையில் காசு அதிகம். பராமரிக்காத சுவர் ஒன்று சரிந்தால் கீழே இருக்கும் சுவர் அந்தப் பாரத்தைத் தாங்காது. இது அவர் கருத்து மட்டும் இல்லை, அந்த வெள்ளத்தைப் பற்றி நான் பிறகு படித்தவற்றிலும் கைவிட்ட படித்தோட்டங்களைத்தான் முக்கியமாகச் சொல்கிறார்கள். 1997இல் யுனெஸ்கோ இந்தக் கரையை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் வீடுகளுக்காக மட்டும் அல்ல, மலையோடு மனிதர்கள் சேர்ந்து உருவாக்கிய இந்த நிலத்துக்காகவும்தான். 2018இல் சாந்து இல்லாமல் கல் அடுக்கும் கலையையும் தனியாகப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அரை மணி நேரம் இருந்திருப்போம். நான் சல்லிக்கல் எடுத்துக் கொடுத்தேன், என் கணவர் பெரிய கல் தூக்கினார். கிளம்பும்போது தாளில் சுற்றிய ஃபரினாத்தா பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அடுப்பில் சுட்ட அடை மாதிரி, ஓரம் மொறுமொறுவென்று. கடலோரத்தில் எத்தனையோ சாப்பிட்டோம், எனக்கு நாக்கில் நிற்பது அதுதான்.

அன்று மாலை எல்லோரையும் போலத் துறைக்கு எதிர்ப் பாறையில் உட்கார்ந்து ஊரைப் படம் எடுத்தேன். வீடுகளுக்கு மேலே இருந்த கோடுகள் முதல் நாள் எடுத்த படத்திலும் இருந்தன. அவை சுவர்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

*

பலெர்மோவிலிருந்து

அக்கா, வாசித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பலெர்மோவில் இருக்கிறோம், எனக்கு இருபது வருசமாகிறது. இத்தாலியிலேயே இவ்வளவு காலம் இருந்தும் அந்தப் பக்கம் போனது 2022 மே மாதத்தில்தான்.

அம்மாவுக்கு முழங்கால் நோ. ஐந்து ஊரில் கொர்னீலியா மட்டும் கடல் மட்டத்தில் இல்லை, நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய 380 படி. நல்லவேளை, ஒரு சின்ன பஸ் ஓடுகிறது. மற்ற ஊர்களைவிட அங்கே சனம் குறைவு. அதனாலேயே எங்களுக்கு அது பிடித்துக்கொண்டது.

ஒரு ஒடுங்கிய சந்தில் வயதான அம்மா ஒருவர் வாசலில் இருந்து பசிலிக்கோ இலை கிள்ளிக்கொண்டிருந்தார். துளசி மாதிரிதான், மணம் வேறு. எங்கள் அம்மா கேட்காமலே பக்கத்தில் இருந்து கிள்ளத் தொடங்கிவிட்டா. அந்த அம்மா உள்ளே போய், பெஸ்தோ என்கிற துவையல் அரைக்கும் பளிங்கு உரலைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். உள்ளியும் (பூண்டு) உப்பும் முதலில், பிறகு இலை, பைன் கொட்டை, சீஸ், எண்ணெய். மிக்ஸியில் போட்டால் இலை சூடாகிக் கறுத்துவிடும் என்று சொன்னார். "அம்மியும் அதுக்குத்தானே" என்று அம்மா தமிழில் சொன்னா. அதை நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

பிறகு அவர் சொன்னது எனக்குக் கவலையாக இருந்தது. அந்தச் சந்தில் முன்பு எல்லா வீட்டிலும் ஆட்கள். இப்போது கனக்க வீடுகள் விடுமுறைக்கு வாடகைக்கு. மாரி காலத்தில் இரவு யன்னலைத் திறந்தால் மூன்று வீட்டில்தான் வெளிச்சம் என்றார். மகன் ஜெனோவாவில். "நீங்கள் ஊரை விட்டு வந்து கவலைப்படுகிறீர்கள், எனக்கு ஊர் என்னை விட்டுப் போகிறது" என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

*

சென்னையிலிருந்து

எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எனக்கு அப்படி அமையவில்லை. ஆகஸ்டில் ஒரே நாளில் ஐந்து ஊரும் பார்த்துவிடலாம் என்று பிளாரன்ஸிலிருந்து குழந்தைகளோடு கிளம்பினோம். பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை, ரயிலில் ஏற முடியவில்லை, வெயில் வேறு. மனரோலாவில் ஒரு உணவகத்தில் மீன் விலையைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்தோம். அது நூறு கிராமுக்கான விலை என்று பில் வந்தபோதுதான் தெரிந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணம் தனி. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. "எத்தோ" என்று எழுதியிருந்தால் நூறு கிராம், இதை மட்டும் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரே நாளில் ஐந்து ஊர் வேண்டாம். ஷ்டுட்கார்ட் அக்கா மூன்று இரவு ஒரே ஊரில் இருந்ததால்தான் அந்தப் பெரியவரைப் பார்த்திருக்கிறார்.

*

தூத்துக்குடியிலிருந்து

நான் கப்பல்காரன். லா ஸ்பெட்ஸியா பெரிய கண்டெய்னர் துறைமுகம், மூன்று முறை போயிருக்கிறேன். ஒரு டிசம்பரில் ஆறு மணி நேரம் கரையிறங்க அனுமதி கிடைத்தது. ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பத்து நிமிடத்தில் ரியோமஜ்ஜோரே, அடுத்தது மனரோலா. டிசம்பரில் கூட்டமே இல்லை. படகுகளை எல்லாம் மேலே தெருவில் ஏற்றி வைத்திருந்தார்கள், வீட்டு வாசலில் நாம் வண்டி நிறுத்துவது போல.

இருட்டியதும் ஊருக்கு எதிர்க் குன்றில் விளக்கு எரிந்தது. திராட்சைத் தோட்டம் முழுக்க இயேசு பிறப்புக் காட்சி. மேய்ப்பர்கள், ஆடுகள், மீனவர்கள் என்று நூற்றுக்கணக்கான உருவங்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டாத பொருட்களை வைத்துப் பல வருடமாகச் செய்து சேர்த்தவை என்றார்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 8ஆம் தேதி விளக்கேற்றுவார்களாம். கிறிஸ்மஸுக்கு வீட்டில் இல்லாத வருத்தத்தில் இருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு சின்னக் கடையில் ரொட்டியும் உப்பிட்ட அச்சூகேயும் வாங்கினேன். பார்த்தவுடன் தெரிந்தது, நம்ம நெத்திலி சாதி. நான் நெத்திலிக் கருவாட்டோடு வளர்ந்தவன். கடைக்காரரிடம் போனில் தூத்துக்குடியில் கருவாடு காயும் படத்தைக் காட்டினேன். அவர் எழுந்து கண்ணாடி ஜாடியை எடுத்து வந்தார். தலை கிள்ளி, மீன் ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு, மேலே ஒரு கல் பாரம். கோடையில் இரவில் விளக்கு கட்டிப் பிடிக்கும் மீன் என்று சைகையில் சொன்னார். நாம் வெயிலில் காயவைக்கிறோம், அவர்கள் உப்பிலேயே ஊறவைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். காசு வாங்கவே மாட்டேன் என்றார். நான் மேசையில் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

*

ஷ்டுட்கார்ட்டிலிருந்து

தூத்துக்குடி அண்ணா, உங்கள் பதிவைக் கணவரிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். பலெர்மோ தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

தனியாகக் கேட்டிருந்தவர்களுக்கு: ரியோமஜ்ஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் இடையே உள்ள காதல் பாதை என்கிற நடைபாதை 2012இல் பாறை விழுந்ததால் மூடிக் கிடந்தது. நாங்கள் போனபோதும் முழுதாகத் திறந்திருக்கவில்லை. 2024 கோடையில் திறந்துவிட்டார்கள், முன்பதிவு வேண்டும். மலைப்பாதைக்குச் செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள், நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

சுவர் கட்டுவதில் நாமும் சேர முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியும் என்றுதான் நினைக்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு வெர்னாட்ஸாவில் பயணிகள் ஒரு நாள் வந்து கல் அடுக்க உதவும் ஏற்பாடு தொடங்கினார்கள். இந்த முறை அதற்காகவே போகலாம் என்று, அது இப்போதும் நடக்கிறதா எனக் கேட்டு எழுதியிருக்கிறோம். கணவர் இப்போதே தோல் கையுறை வாங்கி வைத்துவிட்டார்.