தோரோவின் ஒரு ராத்திரிச் சிறை: எதிர்ப்பா, ஒதுங்கலா?

மாறன்:
1846 ஜூலையில், தைக்கக் கொடுத்த செருப்பை வாங்க தான் வசித்த வால்டன் குளத்துக் குடிலிலிருந்து கான்கார்ட் ஊருக்குள் வந்தார் அமெரிக்க எழுத்தாளர் தோரோ. பல வருடத் தலைவரி பாக்கிக்காகப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அடிமை முறையைக் காக்கிற, மெக்சிகோமேல் படையெடுத்த அரசுக்குக் காசு தரமாட்டேன் என்பது அவர் நியாயம். யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு ஊர்க்காரர்களோடு காட்டுப்பழம் பறிக்கப் போய்விட்டார். சட்ட மறுப்பு பற்றிய தன் கட்டுரையில் அவரே எழுதியது இது. சரி, இதனால் எந்த அடிமையின் விலங்கு கழன்றது? அவருடைய ஆசான், அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன், ஏழைகளுக்கு உதவு என்றவர்களிடம் ‘அவர்கள் என் ஏழைகளா?’ என்று 1841-இல் கேட்டவர். என் மனசாட்சி சுத்தமாக இருந்தால் போதும் என்பதுதான் இவர்கள் அரசியல்.

தேன்மொழி:
மாறன் அண்ணா, பழம் பறித்ததைச் சொன்னீர்கள், சிறைக்குள் நடந்ததை விட்டுவிட்டீர்கள். களஞ்சியத்துக்குத் தீ வைத்ததாகப் பிடிபட்டு, மாதக்கணக்கில் விசாரணைக்குக் காத்துக் கிடந்தவன் அவருடைய அறைத்தோழன். காலையில் கதவுத் துளை வழியாகத் தகரப் பாத்திரத்தில் சாக்லேட் பானமும் பழுப்பு ரொட்டியும் வந்தன. மிச்ச ரொட்டியைத் தோரோ திருப்பிக் கொடுக்கப் போக, ‘மதியத்துக்கு ஆகும்’ என்று அவன் பிடுங்கி வைத்துக்கொண்டான். சொந்த ஊரையே அன்றைக்குத்தான் உள்ளேயிருந்து பார்த்தேன் என்கிறார் தோரோ.

அப்புறம், அவர் எல்லா வரியையும் மறுக்கவில்லை. சாலை வரியை ஒழுங்காகக் கட்டினார், நல்ல அண்டைவீட்டுக்காரனாக இருக்கவும் ஆசை என்று. அரசே வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. இதைவிட நல்ல அரசு உடனே வேண்டும் என்றுதான் கேட்டார். ஆயிரம் பேர் இந்த வருடம் வரி கட்டாவிட்டால் அதுவே ரத்தம் சிந்தாத புரட்சி என்பதும் 1849-இல் வெளிவந்த அதே கட்டுரையில்தான் இருக்கிறது. ஒதுங்குகிறவன் ஆயிரம் பேரைக் கணக்குப் போடுவானா?

குடகனாறு:
காந்தியை யாராவது இழுக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். தன் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் 1907-இல் தோரோவை அறிமுகம் செய்தது காந்திதான். ஆனால் இந்தியர்களுக்காக அவர் நடத்திய தென்னாப்பிரிக்கப் போராட்டம் 1906-லேயே தொடங்கிவிட்டது. தோரோவிடமிருந்து சட்ட மறுப்பு எண்ணத்தைப் பெற்றேன் என்பது தவறு என்று 1935-இல் காந்தியே கடிதம் எழுதியிருக்கிறார். அங்கே கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். சிறையில் காய்ச்சல் கண்ட தில்லையாடி வள்ளியம்மை, வெளியே வந்தபின் 1914 பிப்ரவரியில் இறந்தார். அந்த ஆயிரம் பேர் நிஜமாகவே எழுந்தது அங்கேதான். இந்த விஷயத்தில் நான் மாறன் பக்கம்.

தேன்மொழி:
காந்தி விஷயம் சரி, ஏற்கிறேன். ஆனால் எமர்சனை 1841-லேயே நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களை மண்ணைவிட்டு விரட்டாதே என்று 1838-லேயே ஜனாதிபதி வான் பியூரனுக்குக் கடிதம் எழுதியவர் அவர். தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துத் தரச்சொல்லி 1850-இல் சட்டம் வந்தபோது, ‘கடவுள்மேல் ஆணையாக இதற்குக் கீழ்ப்படியமாட்டேன்’ என்று நாட்குறிப்பில் எழுதினார். தோரோ, அப்படித் தப்பி வந்தவர்களைக் கனடாவுக்கு ரயிலேற்றிவிட்டவர். அவர்கள் விலங்கு கழன்றதில் அவருக்குப் பங்கு இல்லையா?

மாறன்:
ரயிலேற்றியதற்குத் தலைவணங்குகிறேன் தங்கச்சி, அது தெரிந்துதான் பேசுகிறேன். ஆனால் அந்த வேலையை அவருக்கு முன்னால் தோளில் சுமந்தது யார்? 1837-இல் தொடங்கிய கான்கார்ட் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கம். அவருடைய அம்மாவும் சகோதரிகளும் அதில் இருந்தார்கள். கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தனிமனிதன் தனியே நிமிர்ந்து நிற்பதாகத்தான் எழுதினார். அந்த ஆயிரம் பேரை வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிற வேலையை அந்தத் தத்துவம் கற்றுத்தரவில்லை.

தேன்மொழி:
எழுத்தில் அந்தப் பெண்களை விட்டது குறைதான், அதில் சண்டை இல்லை. ஆனால் 1844 ஆகஸ்ட் 1-ஐ நினைத்துப் பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலையான நாளை நினைவுகூர, அதே பெண்கள் சங்கம் கூட்டிய கூட்டம். பேச வந்தவர் எமர்சன். ஊரைக் கூப்பிடத் தேவாலய மணியை அடிக்க மறுத்துவிட்டார்கள். தோரோ ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து, தானே அடித்தார்.