ஏழு மணிக்குப் பிறகு ஆமை தூங்குமாம்!

முகத்துவாரம் மூத்தவன்:
நேற்று வெள்ளவத்தை விக்கி நமது இந்தத் தூண்டில்காரர் குழுவில் ஓர் அறிவுரை எழுதியிருந்தார். கெளுத்திக்குத் தூண்டில் போடும்போது ஆமை இரையைத் திருடினால் கவலைப்பட வேண்டாம், இரவு ஏழு மணிக்குப் பிறகு போடுங்கள், ஆமை தூங்கிவிடும் என்று. அதற்கு நல்ல தகவல், நன்றி அண்ணா என்று வரிசையாக ஆட்கள். வாசித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

போன கிழமை கொழும்புக்கு வடக்கே வத்தளைப் பக்கம் ஹாமில்டன் கால்வாயில் இருந்தேன். இரவு பத்து மணி தாண்டிவிட்டது. அரைக் கிலோ கோழி ஈரல் கொண்டுபோனேன். முதல் துண்டு போட்டுப் பத்து நிமிடம் ஆகவில்லை, நூல் மெதுவாக நகர்ந்தது. கெளுத்தி என்றால் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓடும். இது ஓடவில்லை. தண்ணீர் நிறைந்த உரப்பையை இழுப்பது போலக் கனமாக, ஒரே சீராக வந்தது. பிறகு நூல் தளர்ந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் ஈரல் இல்லை, தூண்டில் முள்ளில் வெள்ளைச் சவ்வு மட்டும் தொங்குகிறது. இப்படி எட்டுத் துண்டு! ஒன்பதாவதில் கரை வரைக்கும் வந்துவிட்டது. டோர்ச் அடித்தேன். கறுப்பு ஓடு, முதுகில் பாசி, வாயில் என் ஈரல். அதன் கண்ணில் தூக்கம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, விக்கி தம்பி.

வெள்ளவத்தை விக்கி:
ஐயா, நான் சும்மா எழுதவில்லை. பத்தரமுல்லைப் பக்கம் தியவன்னா வாவியில் மூன்று வருடமாகத் தூண்டில் போடுகிறேன். பகலில் மரக்கட்டையில் ஏறி வெயில் காய்கிற ஆமைகளை எண்ணியே முடியாது. பொழுது பட்டதும் ஒன்றையும் காணோம். ஏழு மணிக்குப் பிறகு என் இரையை ஆமை தொட்டதே இல்லை. ஆமை குளிர் இரத்தப் பிராணி. சூடு இல்லையென்றால் அடங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

முகத்துவாரம் மூத்தவன்:
பள்ளிக்கூடத்தில் ஹாமில்டன் கால்வாயைக் காட்டினார்களா? கொழும்பில் இரவு பத்து மணிக்கும் சட்டை நனைகிறது. இந்தச் சூட்டில் ஆமைக்கு என்ன குளிர்? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்கள் காணாததைச் சொல்கிறீர்கள். காணவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடுமா?

கொட்டாஞ்சேனை குமார்:
மூத்தவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. களனி கங்கையோரம் எனக்கும் இரவில் இரை போயிருக்கிறது.

வெள்ளவத்தை விக்கி:
குமார், உங்கள் இரையை எடுத்தது ஆமை என்று எப்படித் தெரியும்? நண்டாக இருக்கலாம், விலாங்காக இருக்கலாம். டோர்ச் அடித்துப் பார்த்தீர்களா?

கொட்டாஞ்சேனை குமார்:
அடிக்கவில்லை. அதற்காக ஆமை இல்லை என்று ஆகிவிடாது.

அத்திடிய மாணவன்:
எல்லோரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். எந்த ஆமையைப் பற்றிக் கதைக்கிறீர்கள்? கொழும்பு நீர்நிலைகளில் ஒரே ஆமை இல்லையே. சிங்களத்தில் கல் இப்பா என்கிற கறுப்பு ஆமை, பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும்தான் இரை தேடும். கிரி இப்பா என்கிற பாலாமை வேறு. அதன் ஓடு மெத்தென்று இருக்கும், கழுத்து நீளம், இலங்கைக்கே உரிய இனம். மூன்றாவது, காதுப் பக்கம் சிவப்புக் கோடு உள்ள அமெரிக்க ஆமை. கண்ணாடித் தொட்டியில் வளர்க்க வாங்கிப் பிறகு வாவியில் கொண்டுபோய் விட்டது. அது பகல் பிராணி, வெயில் காய்வதில் பேர்போனது. நீங்கள் இருவரும் வேறு வேறு ஆமையைப் பார்த்திருக்கலாம்.

முகத்துவாரம் மூத்தவன்:
தம்பி, ஆமை ஆமைதான். என் ஈரலைத் தின்றது இரவு பத்து மணிக்கு. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை விக்கி:
அதுதான் நானும் சொல்கிறேன், ஆமை ஆமைதான். ஏழு மணிக்குப் பிறகு தூங்கும்.

ரிஸ்வி நானா:
நேரத்தை விடுங்கள், இரையைப் பாருங்கள். பிரச்சினையே ஈரலில்தான். இரத்த வாடை தண்ணீரில் பரவினால் அந்தச் சுற்றில் உள்ள ஆமை எல்லாம் அடிமட்டத்தால் நடந்து வரும். நான் பொல்கொட வாவியில் ஈரலுக்கு உப்புப் போட்டு ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் தையல் நூலால் முள்ளோடு சுற்றிக் கட்டுவேன். இறுகிவிடும், லேசில் பிய்க்க முடியாது. ஆமைக்குப் பல் இல்லை, கிளி மூக்குப் போல ஒரு விளிம்புதான். மென்மையான இரை என்றால் நறுக்கி எடுத்துவிடும், இறுகிய இரை என்றால் அதற்கு நேரம் எடுக்கும். அப்புறம், இரையைச் சேற்றில் படுக்க விடாமல் மிதவை கட்டி ஓர் அடி மேலே தூக்கி வையுங்கள். இரண்டு தரம் ஆமை எடுத்தால் அந்த இடத்தில் பிடிவாதமாக நிற்காமல் முப்பது, நாற்பது கெஜம் தள்ளிப் போங்கள். பாசியும் விழுந்த மரமும் இல்லாத பக்கமாகப் பாருங்கள்.

முகத்துவாரம் மூத்தவன்:
நானா, உங்கள் நூல் சுற்றும் வித்தை நல்லதுதான். ஆனால் இரவில் எடுக்குமா, எடுக்காதா? அதைச் சொல்லாமல் நழுவுகிறீர்களே.

ரிஸ்வி நானா:
நான் இரவு இஷா தொழுகைக்குப் பிறகு தூண்டில் போடுவதில்லை. எனக்குத் தெரியாது.

மட்டுநகர் மச்சான்:
எல்லாரும் கெளுத்தி கெளுத்தி என்று எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் அது கெளிறு. நீங்கள் கால்வாயில் பிடிப்பது பாதி சுங்கானாக இருக்கும். சுங்கான் முள் குத்தி ஒரு தரம் இரவு முழுக்கத் துடித்திருக்கிறேன், கையைச் சுடுதண்ணீரில் வைத்த பிறகுதான் வலி இறங்கியது. பெயரே தெரியாமல் மீன் பிடிக்கிறார்கள் கொழும்பில்.

கொட்டாஞ்சேனை குமார்:
கொழும்பில் மகுரா என்றால்தான் மீன் கடைக்காரருக்குப் புரியும். கெளிறு என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார். உங்கள் ஊர்ப் பெயரை இங்கே திணிக்க வேண்டாம்.

மட்டுநகர் மச்சான்:
திணிப்பா? வாவி மீனைப் பற்றி மட்டக்களப்பானுக்கே பாடமா? நல்ல காலம்தான்.

தெஹிவளை தர்ஷி:
அண்ணாமார், ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. முள்ளில் ஆமை மாட்டினால் என்ன செய்கிறீர்கள்? போன மாதம் கால்வாய்க் கரையில் ஒரு பாலாமை கிடந்தது. வாயிலிருந்து ஒரு முழம் தங்கூசி நூல் தொங்கியது. உயிர் இருந்தது, கழுத்தை உள்ளே இழுக்க முடியவில்லை. நூலை இழுக்க இழுக்க முள் உள்ளே போகும், அதனால் பிடித்து இழுக்காதீர்கள். ஓட்டின் பின்பக்கமாகப் பிடியுங்கள், கழுத்து நீளம் என்பதால் பக்கவாட்டில் கடித்துவிடும். முள் வாயில் தெரிந்தால் குறடால் கழற்றலாம். தொண்டைக்குள் போயிருந்தால் நூலை முடிந்தளவு கிட்டவாக வெட்டிவிட்டு வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லுங்கள். முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டுப் போட்டால் இந்தக் கஷ்டமே பாதி குறையும். இரவு முழுக்க நூலைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இதையும் சொல்கிறேன்: ஆமை காற்றைத்தான் சுவாசிக்கிறது, அடியில் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டிச் சாகும்.

கொட்டாஞ்சேனை குமார்:
எதிர்க்கொக்கியை நசுக்கினால் மீனும் கழன்று போகும் தங்கச்சி. ஆமைக்காக நாங்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதா?

தெஹிவளை தர்ஷி:
நூலைத் தளர விடாமல் இழுத்தால் மீன் கழராது அண்ணா. இழுக்கத் தெரியாதவர்களுக்குத்தான் கழரும்.

முகத்துவாரம் மூத்தவன்:
தர்ஷி பிள்ளை சொன்னது நியாயம். நான் அன்றைக்கு அந்த ஆமையைக் கழற்றித் தண்ணீரில்தான் விட்டேன். ஆனால் பிள்ளை, நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரவு முழுக்கக் கட்டிவிட்டுப் போனால் ஆமை மாட்டும் என்று. இரவில் தூங்குகிற ஆமை எப்படி மாட்டும்? பாருங்கள் விக்கி, உங்களுக்கு எதிராக இன்னொரு சாட்சி.

தெஹிவளை தர்ஷி:
நான் யாருக்கும் சாட்சி சொல்ல வரவில்லை. விடியற்காலையில் மாட்டியிருக்கவும் கூடும்.

வெள்ளவத்தை விக்கி:
நன்றி தர்ஷி. அதேதான். விடியற்காலையில் மாட்டும், இரவில் அல்ல.

ஐயாவுக்கு என் மேல் கோபம் ஆமையால் வந்தது இல்லை, எனக்குத் தெரியும். போன வருடம் பொல்கொட பயணத்தில் ஐயாவிடம் இரவலாக வாங்கிய தூண்டில் ரொட்டின் நுனி என் கையில் முறிந்தது. அன்றிலிருந்து நான் எது எழுதினாலும் ஐயாவுக்குப் பிழைதான்.

முகத்துவாரம் மூத்தவன்:
நீங்களே கிளறியபடியால் சொல்கிறேன். அந்த ரொட் என் மகன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. பாசியில் சிக்கிய முள்ளை நூலைப் பிடித்து இழுக்காமல் ரொட்டை வளைத்து இழுத்தீர்கள். முறிந்த பிறகு, ஏற்கெனவே வெடிப்பு இருந்தது என்றீர்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்பதும், செய்ததைச் செய்யவில்லை என்பதும் உங்களுக்குப் பழக்கம். ஆமை விஷயமும் அப்படித்தான்.

வெள்ளவத்தை விக்கி:
வெடிப்பு இருந்தது.

முகத்துவாரம் மூத்தவன்:
இருக்கவில்லை!

அத்திடிய மாணவன்:
ஐயா, நீங்கள் பார்த்தது கறுப்பு ஓடு என்றால் அது பெரும்பாலும் கல் இப்பா. விக்கி அண்ணா, கட்டையில் வெயில் காய்ந்தவற்றின் காதுப் பக்கம் சிவப்பாக இருந்ததா? அதைச் சொன்னால் இதை இப்போதே முடிக்கலாம்.

வெள்ளவத்தை விக்கி:
தூரத்தில் இருந்து காது எங்கே தெரியும்?

ரிஸ்வி நானா:
பாவம், அந்தப் பிள்ளை எத்தனை தரம் கேட்கிறது.

கொட்டாஞ்சேனை குமார்:
ஆமையைப் பிடித்துக் கறி வைத்தால் தொல்லையும் போகும், கேள்வியும் போகும்.

தெஹிவளை தர்ஷி:
குமார் அண்ணா, அப்படி எழுதாதீர்கள். நம் நாட்டு ஆமைகளைப் பிடிப்பதும் கொல்வதும் வனசீவராசிகள் சட்டப்படி குற்றம். 2018 இல் கொழும்பை, ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று உலகமே ஏற்றுக்கொண்டது. அந்தப் பெயர் வந்ததே இந்தச் சதுப்பும் கால்வாயும் இதில் வாழ்கிற உயிர்களும் இருப்பதால்தான். செத்த மீனையும் அழுகலையும் தின்று தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிறது ஆமை. உங்கள் ஒரு துண்டு ஈரலுக்கு அதன் உயிரா?

கொட்டாஞ்சேனை குமார்:
சரி சரி, பகிடிக்குச் சொன்னேன்.

தெஹிவளை தர்ஷி:
பகிடியை வாசித்துவிட்டு உண்மையாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முகத்துவாரம் மூத்தவன்:
கறியும் வேண்டாம், சட்டமும் வேண்டாம், பேச்சை மாற்றாதீர்கள். வருகிற சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நான் அதே இடத்தில் இருப்பேன். விக்கி வரட்டும். ஈரல் நான் கொண்டுவருகிறேன், ரொட் அவர் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். எட்டுத் துண்டில் ஒன்றையாவது ஆமை எடுத்தால் அந்த அறிவுரையை அழித்துவிட்டுத் தப்பு என்று எழுத வேண்டும்.

வெள்ளவத்தை விக்கி:
ஹாமில்டன் கால்வாய்க்கு நான் ஏன் வர வேண்டும்? நான் எழுதியது தியவன்னாவைப் பற்றி. நீங்கள் பத்தரமுல்லைக்கு வாருங்கள்.

முகத்துவாரம் மூத்தவன்:
உங்கள் பதிவில் தியவன்னா என்ற சொல்லே இல்லை. ‘ஆமை தூங்கிவிடும்’ என்றுதான் இருக்கிறது. இப்போதும் இருக்கிறது, போய் வாசியுங்கள்.

மட்டுநகர் மச்சான்:
பதிவில் கெளிறு என்ற சொல்லும் இல்லை.

கிருலப்பனை புதியவன்:
வணக்கம். முதல் தரமாகத் தூண்டில் வாங்கியிருக்கிறேன், மகனோடு இந்தக் கிழமை போக நினைக்கிறேன். முழுவதும் வாசித்தேன். எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

வெள்ளவத்தை விக்கி:
ஏழு மணிக்குப் பிறகு போங்கள் தம்பி.

முகத்துவாரம் மூத்தவன்:
போங்கள். ஈரல் மட்டும் ஒரு கிலோ எடுத்துப் போங்கள்.