நேரலை பார்ப்பவர்கள் வேத பாடத்துக்கு வருவதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் சபையின் நேரலையை நான்தான் கவனிக்கிறேன். புதியவர்கள் நிறைய பேர் பார்க்கிறார்கள், 'ஆமென்' என்று கருத்தும் போடுகிறார்கள். வேத பாடத்துக்கு அழைத்தால் ஒருவரும் வருவதில்லை. போதகர் இன்னொரு கேமரா வாங்கலாம் என்கிறார். பயன் உண்டா?

பதில் 1: கேமரா வேண்டாம், பிரதர். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் மக்கள் தொடங்கிய வகுப்புக் கூட்டங்களைப் பாருங்கள். ஆராதனைக் கூடம் கட்டிய கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூல். அதுதான் ஆரம்பம்! சுமார் 12 பேருக்கு ஒரு தலைவர். காசு வாங்கப் போனவர்கள் வீட்டு நிலவரத்தையும் பார்த்தார்கள். அப்புறம் அதுவே ஆத்தும நலம் விசாரிக்கிற வாராந்தரக் கூட்டமாகிவிட்டது. கருத்து போடுகிறவர்களுக்குத் தனியாகப் பதில் எழுதுங்கள், போனில் பேசுங்கள். பிரசங்கத் துணுக்கை மட்டும் அனுப்பி வைக்காதீர்கள், அது யாருக்கும் பதில் ஆகாது.

பதில் 2: சரிதான், ஆனால் எடுத்தவுடன் வேத பாடம் என்றால் புதியவர் மிரளுவார். கிறிஸ்தவ விசுவாசத்தைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துகிற ஆல்பா வகுப்பில் முதலில் சாப்பாடு, பிறகு பேச்சு, அப்புறம் சிறு குழு. எந்தக் கேள்வியும் கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்: போனில் பேச ஆள் வேண்டுமே! மூப்பர்களுக்குக் கமிட்டிக் கூட்டமே சரியாக இருக்கிறது.

பதில் 1: மூப்பர்களை விடுங்கள். சமீபத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்களைக் கேளுங்கள். புதியவரின் தயக்கம் அவர்களுக்குத்தான் இன்னும் ஞாபகம் இருக்கும்.