சிகரெட்டைத் தொடங்கி வைப்பது யார்?

செம்பூர்க்காரன்:
என் அக்கா மகனுக்கு 23 வயது. மும்பை அந்தேரியில் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் வீட்டுக்கு வந்தவனின் சட்டைப் பையில் ஏலக்காய்ப் பொட்டலம் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, சிகரெட் வாடையை மறைக்கத்தான் என்று அவனே சொல்லிவிட்டான்.

என் அத்தான் புகையிலையால் போனவர். அவருக்காகப் பரேல் டாடா புற்றுநோய் மருத்துவமனைக்கு ஒரு வருடம் அலைந்தோம். பல நாள் அந்தப் பையன்தான் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். அவனுக்குத் தெரியாதது என்று எதையும் நான் சொல்லிவிட முடியாது. பிறகு ஏன் என்று கேட்டால், "மாமா, அடுத்த மாதம் யாருக்கு எந்த வேலை என்பது மேலே மேஜையில் முடிவாவதில்லை. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் மேலாளர் கீழே பான் கடைக்குப் போகிறார். அங்கே முடிவாகிறது. கட்டிங் டீ அரை கிளாஸ்தான், மூன்று வாயில் தீர்ந்துவிடும். அப்புறம் அங்கே எதற்கு நிற்பது?" என்கிறான்.

அவன் காசு கொடுத்து வாங்கியது அந்த ஐந்து நிமிடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

சயான் கணக்கர்:
சாக்கு, வேறென்ன. நான் ஃபோர்ட்டில் 31 வருடம் கணக்கு எழுதியவன். எங்கள் அலுவலகத்தில் மேஜைக்கு மேஜை கண்ணாடிச் சாம்பல் கிண்ணம் இருக்கும். மாலையில் பியூன் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டுவார். அத்தனை புகைக்கு நடுவில் உட்கார்ந்தும் நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை, பதவி உயர்வும் வந்தது.

மனத்தை மாற்றியது சட்டம். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் அபராதம் என்று வந்தது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் நம் அன்புமணி. எத்தனை பேர் கேலி செய்தார்கள்! இன்று அலுவலகத்துக்குள் ஒருவன் பற்றவைத்தால் பக்கத்தில் இருப்பவனே முகம் சுளிக்கிறான். அரசாங்கக் கணக்கெடுப்பில் 2009-10 இல் பெரியவர்களில் 34.6 சதவீதம் பேர் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள். 2016-17 இல் அது 28.6. தானாகவா குறைந்தது?

செம்பூர்க்காரன்:
ஐயா, சாம்பல் கிண்ணம் மேஜையிலிருந்து போனது உண்மைதான். போன இடம் பான் கடை வாசல். மேலாளரும் கூடவே இறங்கிப் போய்விட்டார். அதுதான் என் சிக்கல்.

இரவுப்பணி:
நான் மலாடில் இரவு நேர வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாகப் புகைக்கிறேன். அதை இங்கே நியாயப்படுத்த வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

கணக்கர் ஐயா சொல்லும் முகச்சுளிப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. விடிகாலை மூன்று மணிக்கு என்னோடு நிற்கும் பையன் புகைத்தால் "பாவம், தூக்கம் கெட்ட வேலை" என்பார்கள். பெண்ணான நான் புகைத்தால் அது குணம் சம்பந்தப்பட்ட விஷயம் ஆகிவிடுகிறது. என் ஆச்சி வெற்றிலைச் செல்லத்தில் புகையிலைக் காம்பை நறுக்கி வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுப்பாள். அவளை யார் என்ன சொன்னார்கள்? மூக்குப்பொடி போட்ட தாத்தாக்களை யார் ஒதுக்கினார்கள்? அறிஞர் அண்ணா பொடி போடுவார் என்று பெருமையாகக்கூடப் பேசிய ஊர் இது.

இந்த அவமானத்தை விற்பனைக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 1929 இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர நிபுணர், பெண்களைச் சிகரெட் பற்றவைத்தபடி நடக்க வைத்தார். அதற்கு 'விடுதலையின் தீப்பந்தம்' என்று பெயர். பணம் கொடுத்தது புகையிலைக் கம்பெனி. நான் முதல் சிகரெட்டை வாங்கியபோது எனக்கு அந்தக் கதை தெரியாது. ஆனால் மனத்தில் ஓடியது கிட்டத்தட்ட அதேதான்: இவனுக்கு மட்டும்தான் உரிமையா?

சயான் கணக்கர்:
தங்கை கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆணோ பெண்ணோ, முகச்சுளிப்பு சமமாக இருக்க வேண்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் காரணமும் செம்பூர்க்காரர் காரணமும் முதல் சிகரெட்டோடு சரி. உள்ளே இழுத்த பத்துப் பதினைந்து வினாடியில் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. ஐநூறாவது சிகரெட்டுக்கு மேலாளரும் வேண்டாம், ஈஸ்டர் ஊர்வலமும் வேண்டாம்.

தாராவி 90 அடி ரோடு:
எல்லோரும் சிகரெட்டையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதே 2016-17 கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் புகைப்பவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. மெல்லுகிறவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர். குட்காவை 2012 இலேயே தடை செய்தாயிற்று; எங்கள் சந்தில் சுவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியாது. வாயில் ஒதுக்கிக்கொண்டு மூட்டை தூக்குகிறவனுக்குப் பசி தெரியாது. அவனுக்கு எந்த மேலாளர்?

என் கதை வேறு. சொந்த ஊர் முக்கூடல். அம்மா பீடி சுற்றினாள். மடியில் சுளகு, அதில் ஒரு பக்கம் நனைத்து வெட்டிய இலை, மறுபக்கம் தூள். ஓர் இலையை எடுத்து, ஒரு சிட்டிகை தூள் வைத்து, உருட்டி, முனையை மடக்கி நூல் கட்டுவாள். பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நானும் தங்கையும் பள்ளிக்கூடம் விட்டு வந்து நூல் கட்டிக் கொடுப்போம். என் பள்ளிக்கூடச் செலவு முழுக்க அந்தச் சுளகிலிருந்து வந்தது. அம்மா வாழ்நாளில் ஒரு பீடி குடித்ததில்லை. தலை குளித்துவிட்டு வந்தாலும் கூந்தலில் தூள் வாடை இருக்கும், ராத்திரி இருமுவாள்.

கடையில் கழித்துவிட்ட பீடிகள் வீட்டில் ஒரு டப்பாவில் கிடக்கும். பதின்மூன்று வயதில் அதிலிருந்துதான் எடுத்தேன். விளம்பரமும் இல்லை, சினிமாவும் இல்லை. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது, எடுத்தேன். நாற்பது வயதில் விட்டேன். ஆனால் யாராவது "புகையிலையை ஒரே நாளில் ஒழிக்க வேண்டும்" என்று எழுதினால் எனக்கு அந்தச் சுளகு ஞாபகம் வந்துவிடுகிறது. அந்தப் பெண்களுக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரவுப்பணி:
அண்ணா, இதை நான் யோசித்ததே இல்லை.

அண்டாப் ஹில்:
என் மாமனார் இங்கே பான் கடை வைத்திருந்தார். நான் மூன்று வருடம் மாலை நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

புதிதாகப் பழகுகிறவன் ஒருநாளும் பெட்டி வாங்க மாட்டான். ஒன்று வாங்குவான். கூரையிலிருந்து நூலில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொள்வான், புதினா மிட்டாய் ஒன்று கேட்பான். பெட்டி வாங்கத் தொடங்குவது ஒன்றிரண்டு வருடம் கழித்து, வீட்டிலும் தெரிந்த பிறகு. 2016 இலிருந்து பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்கிறது. பழக்கத்தை விட உதவும் 1800-11-2356 என்ற எண்ணும் அதில்தான் அச்சாகிறது. அந்தப் படத்தை யார் பார்க்க வேண்டுமோ அவன் கண்ணில் அது படுவதே இல்லை. பெட்டி கடைக்காரர் பக்கம் இருக்கிறது. நான்தான் மூன்று வருடம் பார்த்தேன்!

உதிரியாக விற்கக் கூடாது என்று 2020 இல் மகாராஷ்டிர அரசு தடை போட்டது. கணக்கர் ஐயா, அந்தச் சட்டம் எந்தக் கடையில் நிற்கிறது என்று சயான் ஸ்டேஷனிலிருந்து வீடுவரை பார்த்துக்கொண்டே நடந்து போய்ச் சொல்லுங்கள்.

சயான் கணக்கர்:
நடந்தேன். ஸ்டேஷனிலிருந்து வீடுவரை ஏழு கடை. ஏழிலும் உதிரி. இதில் நான் பேச ஒன்றும் இல்லை.

ஆனாலும் சட்டமே வேண்டாம் என்று ஆகாது. உள்ளே நிறுத்த முடிந்தது அல்லவா? வெளியேயும் முடியும். நிறைவேற்ற ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

செம்பூர்க்காரன்:
நேற்று அந்தேரியில் வேலை இருந்தது. நாலு மணிக்கு அக்கா மகனின் அந்தக் கடைக்குப் போனேன். அவன், மேலாளர், இன்னும் மூன்று பேர். என்னைப் பார்த்ததும் பையன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். நான் ஒரு கட்டிங் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மேலாளர் நல்ல மனிதர்தான், கிரிக்கெட் பேசினார்.

டீ சீக்கிரம் தீர்ந்துவிட்டது. பையன் சொன்னது சரி. காலி கிளாஸை வைத்துக்கொண்டு அங்கே நிற்பது என்னவோ போல இருக்கிறது. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இரண்டாவது கட்டிங் சொன்னேன். பையனும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, "எனக்கும் ஒன்று" என்றான்.

சயான் கணக்கர்:
நாலு மணிக்கு இரண்டு டீயா? உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று போன மாதம் நீங்கள்தானே எழுதினீர்கள்?