கோல்ட் ப்ரூ: ஊறும் நேரத்தைக் கூட்டினால் திடம் கூடுமா?

கேள்வி:
கோல்ட் ப்ரூவுக்காக (சூடாக்காத தண்ணீரில் ஊறவைத்து இறக்கும் காபி) கொரகொரப்பாக அரைத்த காபித்தூள் 60 கிராமை 900 மில்லி தண்ணீரில் ஊறவைத்து, 12 மணி நேரம் கழித்து வடிகட்டுகிறேன். மணம் நன்றாக வருகிறது. ஆனால் பனிக்கட்டியும் பாலும் சேர்த்தவுடன் சுவை அடங்கிவிடுகிறது. திடம் கூடட்டும் என்று 24 மணி நேரம் ஊறவிட்டபோது, மரக்கட்டை வாடையுடன் ஒரு கசப்புதான் மிஞ்சியது. தூளை இன்னும் நைசாக அரைக்க வேண்டுமா? பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைப்பதா, வெளியில் வைப்பதா?

மறுமொழி 1:
அரைப்பை மாற்ற வேண்டாம். தூளின் அளவைக் கூட்டுங்கள். நீங்கள் எடுத்திருக்கும் 1:15 (ஒரு பங்கு தூளுக்கு 15 பங்கு தண்ணீர்) என்பது வெந்நீரில் இறக்கும் காபிக்குப் பொருந்தும் விகிதம். கோல்ட் ப்ரூவை அப்படியே குடிப்பதென்றால் 1:8, பால் கலப்பதென்றால் 1:5 என்று வைத்துக்கொள்ளலாம். அறை வெப்பநிலையில் ஊறும் தூளிலிருந்து இறங்கும் காஃபீன் 6 முதல் 7 மணி நேரத்திலேயே சமநிலையை எட்டிவிடுவதாக 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு நாள் முழுவதும் காத்திருப்பதால் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். தூள் தன் எடையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்: 100 கிராம் தூளுக்கு 500 மில்லி ஊற்றினால் கையில் கிடைப்பது சுமார் 300 மில்லிதான். அதற்காகத் துணியை முறுக்கிப் பிழிந்தால் நுண்தூளும் கசப்பும் சேர்ந்தே இறங்கும்; தானாக வடியட்டும்.

மறுமொழி 2:
1:5 எனக்குச் சற்று அதிகம். பாலுக்குக்கூட 1:6 போதும் என்பேன். எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, ஃப்ரிட்ஜ் என்பதே என் விடை. குளிரில் சாரம் மெதுவாக இறங்குவதால் 16 முதல் 18 மணி நேரம் வரை விட வேண்டியிருக்கும், ஆனால் கொதிக்கவைக்காத பானம் என்பதால் நுண்ணுயிர்கள் பெருகும் வாய்ப்பை அந்தக் குளிர் குறைக்கிறது. முதலில் கம்பி வலையிலும் பிறகு காகித ஃபில்டரிலும் வடித்தால் அடியில் வண்டல் தங்காது. வடித்ததை மூடி ஃப்ரிட்ஜிலேயே வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பால் கலந்ததை அன்றே குடித்துவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, 1:6இல் தொடங்குகிறேன். இதில் அமிலம் குறைவு, வயிற்றுக்கு இதமானது என்கிறார்களே, உண்மையா?

மறுமொழி 3:
பாதி உண்மை. 2018இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் சூடான காபி, கோல்ட் ப்ரூ இரண்டின் பிஎச் அளவும் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) ஏறக்குறைய ஒன்றாகவே, 4.85க்கும் 5.13க்கும் இடையில் இருந்தது. மொத்த அமிலங்களின் அளவு மட்டும் சூடான காபியில் கூடுதலாக இருந்தது. நாக்கில் புளிப்பு குறைவாகத் தெரிவதை வைத்து வயிற்றைப் பற்றி முடிவு கட்ட முடியாது. எனக்குக் கவலை காஃபீன் பற்றித்தான்: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பொதுவாகப் பாதுகாப்பானது என்கிறார்கள், 1:6இல் இறக்கியதை நீர்க்காமல் பெரிய குவளையில் ஊற்றிக் குடித்தால் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடலாம்.